கப்பலை விட்டு இறங்கியாச்சு, அடுத்த கப்பல் கிடைக்கவில்லை: இந்த லீவை எப்படி ஓட்டுவது?

தூத்துக்குடி ஏபி

வணக்கம். நான் ஏபி, அதாவது டெக்கில் வேலை பார்க்கிற மாலுமி. நிலக்கரி, தானியம் மாதிரிச் சரக்கை மொத்தமாக ஏற்றுகிற பல்க் கேரியர் கப்பல். ஒன்பது மாத கான்ட்ராக்ட் முடிந்து மே மாதக் கடைசியில் தென் கொரியாவில் சைன் ஆஃப் ஆகி இறங்கினேன். வழக்கமாக இரண்டு மாதத்தில் அதே கம்பெனியிலிருந்து போன் வந்துவிடும். இந்தத் தடவை வரப்போவதில்லை. நாங்கள் இறங்கியதும் கப்பலை விற்றுவிட்டார்கள், வாங்கியவர்கள் தங்கள் ஆட்களையே போட்டுக்கொண்டார்கள். பழைய கம்பெனியில் மிச்சமிருக்கிற கப்பல்களுக்கு ஏற்கெனவே ஆள் வரிசையில் இருக்கிறது. அதனால் புதுசாக வேலை தேட வேண்டியிருக்கிறது.

வேலை தேடுவது கூடப் பெரிய விஷயம் இல்லை. அதற்கு நடுவில் ஊரில் மனிதனாக இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஒன்பது மாதம் பார்க்காத ஆட்களை எல்லாம் பார்க்க வேண்டும். மணப்பாட்டில் பாட்டி இருக்கிறார்கள். மதுரையில் கூடப் படித்தவன் வீடு கட்டிப் பால் காய்ச்சிவிட்டான், போட்டோவில் பார்த்ததோடு சரி. தங்கச்சி மகளுக்குச் சர்ச்சில் புதுநன்மை விழா. என் மகள் யுகேஜி போகிறாள், ஸ்கூலுக்கு நான்தான் கொண்டுபோய் விட வேண்டும் என்று அடம்.

ஆனால் எதற்கும் "வருகிறேன்" என்று சொல்ல முடியவில்லை. போன வாரம் மதுரைக்குக் கிளம்பி கோவில்பட்டி தாண்டியிருப்பேன், மும்பையிலிருந்து ஒரு ஏஜென்சி போன். நாளைக் காலை பதினொரு மணிக்கு இன்டர்வியூ, நேரில் வரணுமாம். ரயிலில் போனால் இரண்டு இரவு. அப்படியே மதுரையிலிருந்து விமானம் பிடித்தேன், டிக்கெட் விலையைச் சொன்னால் வீட்டில் அழுவார்கள். அங்கே போனால் சிடிசி (மாலுமிப் பதிவுப் புத்தகம்), எஸ்டிசிடபிள்யூ (கப்பல் பயிற்சிச் சான்றிதழ்) எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். கேப்டனும் பார்க்கவில்லை, சூப்பரின்டென்டென்டும் பார்க்கவில்லை. ஜெராக்ஸை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம்.

சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் ஒரே மூச்சில் இரண்டு கேள்வி: "எப்ப வந்த? எப்ப போற?" ஜூன் மாதம் இரண்டும் கேட்டார்கள். இப்போது இரண்டாவது மட்டும்தான் கேட்கிறார்கள். இறங்கிய அன்றே எங்களுக்குச் சம்பளம் நின்றுபோகும், லீவு பணம் கணக்கு முடிக்கும்போதே வந்துவிடும், அதற்கப்புறம் ஒரு பைசா கிடையாது என்பது வெளியே யாருக்கும் தெரியவில்லை. டாலர் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேர் கடன் கேட்டாகிவிட்டது. கொண்டுவந்த சாக்லேட்டும் முதல் வாரத்திலேயே காலி, வெறுங்கையோடு யார் வீட்டுப் படியும் ஏற மனசு வரவில்லை.

ஜூலை 26 பனிமய மாதா கோவில் கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. எத்தனையோ திருவிழா எனக்குக் கடலில்தான் போனது. இந்தத் தடவை இருந்தே தீர வேண்டும் என்று ஆசை. ஏஜென்ட் போன் செய்து "எனி டைம் ஜாயின் பண்ணுவீங்களா?" என்று கேட்டால் என்ன சொல்வது? வேலை இல்லாமல் இருக்கிறேன் என்று ஊரில் வெளிப்படையாகச் சொல்லிவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய போசன்

தம்பி, மும்பைக்காரன் ஏன் நாளைக்கே வா என்கிறான் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். ஏதோ ஒரு கப்பலில் ஒருவன் கான்ட்ராக்ட் முடிந்து பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு நிற்கிறான். அடுத்து எந்தத் துறைமுகம், என்றைக்கு என்பதெல்லாம் ஆபீஸுக்கு ஒரு மாதம் முன்பே ஓரளவு தெரியும். அவன் இடத்துக்கு ஆளும் போட்டு வைத்திருப்பார்கள். அந்த ஆள் மெடிக்கலில் விழுந்தான், அல்லது வேறு கம்பெனிக்குத் தாவினான் என்றால்தான் உங்களுக்கு "நாளைக்கே வா". திட்டம் போட்டு எடுக்கிற ஆபீஸ், "ஆகஸ்ட் கடைசியில் ரிலீவர் வேண்டும், உங்களுக்குச் சரிப்படுமா" என்று கேட்கும். நல்ல கம்பெனி பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம்.

அதனால் "எனி டைம்" என்று சொல்லாதீர்கள். "ஆகஸ்ட் 6 முதல் ரெடி" என்று தேதி போட்டுச் சொல்லுங்கள். மெயில் தலைப்பிலேயே போடுங்கள்: ஏபி, பல்க் கேரியர், எந்தத் தேதியிலிருந்து ரெடி, கப்பல் ஆட்களுக்கான அமெரிக்க சி1/டி விசா இருந்தால் அதுவும். உள்ளே கதை எழுத வேண்டாம். கப்பலுக்கு ஆள் எடுக்கிற க்ரூயிங் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு உங்களைத் தேடி எடுக்க அந்த ஒரு வரி போதும். வாரம் ஒருமுறை போன் போதும், தினமும் கூப்பிட்டால் எடுக்க மாட்டார்கள்.

நேரில் வா என்றால், "எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், கேப்டன் இன்டர்வியூ இருக்கிறதா" என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் அது வெறும் ஃபைல் சேர்க்கிற வேலை. முதல் இன்டர்வியூவை வீடியோ காலில் வைக்க முடியுமா என்று கேட்பதில் தப்பே இல்லை.

இன்னொன்று. எவனாவது சர்வீஸ் சார்ஜ் கேட்டால் அந்த நிமிடமே போனை வைத்துவிடுங்கள். எம்எல்சி 2006 என்கிற சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் சட்டப்படி வேலை போட்டுக் கொடுப்பதற்கு மாலுமியிடம் காசு வாங்கவே கூடாது. மெடிக்கல், சிடிசி, பாஸ்போர்ட் செலவு மட்டும்தான் நம்முடையது. ஆர்பிஎஸ்எல் நம்பர், அதாவது ஆள் எடுக்க ஏஜென்சிக்கு அரசு கொடுக்கிற லைசென்ஸ் நம்பர் கேளுங்கள், அதைக் கொடுக்கிற டிஜி ஷிப்பிங் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது, ஒத்துப் பாருங்கள்.

மோட்டார்மேன், ராமநாதபுரம்

போசன் அண்ணன் சொல்வது ஆபீசர்களுக்குச் சரி. எங்களை மாதிரி ரேட்டிங்குக்கு (ஆபீசர் அல்லாத கப்பல் ஆட்களுக்கு) அந்தச் சொகுசு கிடையாது. நானும் ஒரு தடவை, தம்பி கல்யாணம் முடிந்து பதினைந்து நாள் கழித்து வருகிறேன் என்று சொன்னேன். "ஓகே" என்றார்கள். பதினாறாவது நாள் கூப்பிட்டால் அந்த இடம் போய்விட்டது, அடுத்த கப்பலுக்கு அரை வருடம் ஆனது. கல்யாண ஆல்பத்தில் நான் இருக்கிறேன், அதற்கு வட்டியும் கட்டினேன்.

வேலை கிடைத்தால் கிளம்புங்கள். திருவிழா வருடா வருடம் வரும்.

பழைய போசன்

மோட்டார்மேன் தம்பி சொல்கிற மாதிரியும் நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் இவருக்குத் திருவிழாவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. இன்றைக்கு ஒருவன் எடுத்துக்கொண்டாலும் மெடிக்கல், டாக்குமென்ட் சரிபார்ப்பு, விசா, டிக்கெட் என்று எப்படியும் இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும். தேதி சொல்வதால் இவருக்கு நஷ்டம் குறைவு. அரை வருடம் தள்ளிச் சொன்னால்தான் வம்பு.

கப்பல்காரர் மனைவி

தம்பி, நானும் உங்கள் பக்கத்து ஊர்தான். என் வீட்டுக்காரர் ஃபிட்டர். நீங்கள் எழுதியதில் உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே! பாட்டி இருக்கிறார்கள், கூடப் படித்தவன் இருக்கிறான், தங்கச்சி மகள் இருக்கிறாள். சும்மா சொன்னேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இவர் ஒருமுறை ஆறு மாதம் கரையில் இருந்தார். முதல் மாதம் வீடு நிறைய ஆட்கள், கறிக்குழம்பு, சிரிப்பு. அப்புறம் காலையில் எழுந்ததும் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார ஆரம்பித்தார். எங்கே கூப்பிட்டாலும் "போன் வரும்". என் அம்மா வீட்டில் டவர் கிடைக்காது என்று பொங்கலுக்கே வரவில்லை. போனும் வரவில்லை. கடலில் இருந்தாலாவது ராத்திரி எட்டு மணிக்கு ஒரு கால் வரும், என்னிடம் பத்து நிமிடம் ஒழுங்காகப் பேசுவார். வீட்டில் இருந்த அந்த மாதங்களில் அதுவும் இல்லை.

கடைசியில் நான்தான் சொன்னேன், மும்பை ஆபீஸ் எல்லாம் காலை பத்து மணிக்கு மேல்தான் திறக்கிறார்கள், சனி ஞாயிறு யாரும் வேலை போடுவதில்லை. பத்திலிருந்து ஒரு மணி வரை உங்கள் போன், உங்கள் மெயில், நான் கிட்டேயே வர மாட்டேன். மூன்று மணிக்கு மேல் பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள், அப்போது போன் அலமாரி மேலே. மிஸ்டு கால் இருந்தால் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்ளலாம், வேலை தருகிறவன் அரை மணி நேரத்தில் ஓடிவிட மாட்டான்.

வீடு வீடாக ஏறி இறங்குவதை விடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் சமைத்து எல்லாரையும் வரச் சொல்லுங்கள். வராதவர்கள் பிறகு உங்களைக் குறை சொல்ல முடியாது. பாட்டியை மட்டும் போய்ப் பாருங்கள், வயதானவர்கள். வெறுங்கை என்று ஏன் நினைக்கிறீர்கள்? தூத்துக்குடியில் இருந்துகொண்டு கால் கிலோ மக்ரூன் வாங்கிப் போக முடியாதா? எங்கள் சொந்தத்தில் வெளிநாட்டுச் சாக்லேட்டை விட அதற்குத்தான் அடிதடி.

மகளை ஸ்கூலில் கொண்டுபோய் விடுவதை மட்டும் எதற்காகவும் நிறுத்தாதீர்கள். பெரிய சுற்றுலா எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்காது, தினமும் அப்பா வந்தது ஞாபகம் இருக்கும்.

வேலை இல்லை என்று சொல்லலாமா என்று கேட்டீர்கள். மனைவியிடம் கையில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை மாதம் தாங்கும் என்று காகிதத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள். அலாட்மென்ட் பணம் வீட்டுக்கு வருவது நின்றதும் எங்களுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் கேட்காமல் இருப்போம். மற்றவர்களிடம் "கம்பெனி மாறுகிறேன்" என்று சொன்னால் போதும், அது பொய் இல்லையே. கடன் கேட்கிறவர்களும் அதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

மூன்றாவது எஞ்சினியர்

ஒரு விஷயம் மட்டும். கரையில் அதிக நாள் இருந்தால் வருமான வரியில் என்ஆர்ஐ (வெளிநாடு வாழ் இந்தியர்) தகுதி போய்விடும் என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரைக்கும் இந்தியாவில் தங்கியது 182 நாளுக்குக் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மே கடைசியில் இறங்கிய நீங்கள் நவம்பர் நடுவில் ஏறி மார்ச் 31 வரை இறங்காமல் இருந்தாலும் கணக்கு உள்ளேதான் நிற்கும். அதற்காக அவசரப்பட்டுக் கண்ட கப்பலில் ஏற வேண்டாம். சைன் ஆன், சைன் ஆஃப் தேதி இருக்கிற சிடிசி பக்கம், பாஸ்போர்ட் முத்திரை இரண்டையும் ஸ்கேன் செய்து ஆடிட்டருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இந்த இடைவெளியில் சர்டிபிகேட் தேதிகளையும் பாருங்கள். அடிப்படை எஸ்டிசிடபிள்யூ கோர்ஸ்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ரிஃப்ரஷர் வேண்டும், மெடிக்கல் அதிகபட்சம் இரண்டு வருடம். நடு கான்ட்ராக்டில் காலாவதி ஆகிற மாதிரி இருந்தால் ஆபீஸ் உங்கள் ஃபைலை எடுத்துப் பார்க்கவே செய்யாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றிக் கவலை வேண்டாம், 2016 முதல் அது ஆயுளுக்கும் செல்லும்.

தூத்துக்குடி ஏபி

எல்லாருக்கும் நன்றி. அக்கா, உங்கள் பதிலை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "இதை யாரோ எனக்காகவே எழுதியிருக்காங்க" என்றாள். காகிதம் எழுதிக் காட்டியாகிவிட்டது. என் கணக்கில் வராத சீட்டுப் பணம் ஒன்று அவளிடம் இருந்தது, அதை இதுவரை எனக்குச் சொன்னதே இல்லை!

ஒரு தடவை எங்கள் கப்பலே இந்தோனேசியாவிலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தது. வீட்டிலிருந்து பைக்கில் போகிற தூரம். எனக்குக் கார்கோ வாட்ச் (சரக்கைக் கவனிக்கிற டூட்டி), அம்மா துறைமுக கேட்டுக்கு வெளியே மீன் குழம்போடு நின்றார்கள், கால் மணி நேரம் பார்த்தேன். அதை நினைத்தால் இந்தத் திருவிழாவை விட மனசு வரவில்லை. மோட்டார்மேன் அண்ணே, உங்கள் அனுபவம் புரிகிறது, ஆனாலும் தேதி போட்டே நேற்று ஐந்து ஆபீஸுக்கு மெயில் அனுப்பிவிட்டேன். ஒருவர் பதில் போட்டிருக்கிறார், ஆகஸ்ட் மூன்றாவது வாரம், தென் ஆப்பிரிக்காவில் ரிச்சர்ட்ஸ் பேயில் ஏற வேண்டியிருக்கும், வீடியோ இன்டர்வியூ போதுமாம். ஆர்பிஎஸ்எல் நம்பர் கேட்டேன், உடனே அனுப்பினார்கள், பட்டியலிலும் இருக்கிறது. கிடைத்துவிட்டது என்று இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

எஞ்சினியர் சார் சொன்ன பிறகு சர்டிபிகேட்டை எடுத்துப் பார்த்தேன், தீயணைப்பு ரிஃப்ரஷர் டிசம்பரில் முடிகிறது. இப்போதே போட்டுவிடுவதா, அல்லது அவர்கள் கேட்ட பிறகு போடுவதா?

பழைய போசன்

இப்போதே. திருவிழா நெருங்கினால் நீங்கள் வகுப்பில் உட்கார மாட்டீர்கள். நாளைக்கே போன் போட்டு சீட் இருக்கிறதா என்று கேளுங்கள், தூத்துக்குடியில் இல்லையென்றால் சென்னையில் பாருங்கள், முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர். அங்கே கூடப் படித்தவன் எவனாவது இருப்பான், அவன் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள்.

மோட்டார்மேன், ராமநாதபுரம்

ரிச்சர்ட்ஸ் பே என்றால் நிலக்கரிதான். டெக் கழுவிக் கழுவியே கான்ட்ராக்ட் முடிந்துவிடும். வாழ்த்துகள். கொடியேற்றத்துக்கு நான் ராமநாதபுரத்திலிருந்து வருகிறேன், எங்கே சந்திப்பது என்று உள்பெட்டியில் சொல்லுங்கள். பரோட்டா நீங்கள் வாங்கித் தர வேண்டாம், என் கணக்கு.