முன்பணம் பெற கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யலாமா?

கேள்வி (கோத்தகிரி):
வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். குன்னூரை அடுத்த வெலிங்டனில் பணிபுரியும் ராணுவ அதிகாரி என்று தொலைபேசியில் அறிமுகப்படுத்திக்கொண்ட ஒருவர், உறவினர்களுக்காக நான்கு நாட்களுக்கு அறை கேட்டு, முன்பணம் என் கணக்கில் வர, தாம் அனுப்பிய கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, என் யூபிஐ ரகசிய எண்ணை (PIN, பின் எண்) இடுமாறு வற்புறுத்துகிறார். என் ஆதார் நகலை நேற்றே அனுப்பிவிட்டேன். நம்பலாமா?

பதில் (குன்னூர்):
வேண்டாம் ஐயா. யூபிஐ வழியாகப் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை; அதை இட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். சீருடைப் படமும் அடையாள அட்டையும் அனுப்பியிருப்பாரே? எனக்கும் வந்தன, யாருடைய அட்டையோ, பாவம்.

பதில் (உதகை):
ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் கைரேகை, கருவிழிப் பதிவுகளை உடனே பூட்டிவிடுங்கள். இனி நகல் தர நேர்ந்தால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைத் தரலாம். நீலகிரிக்கு வாகனத்தில் வருவதற்கான இ-பாஸ் அனுமதி இலவசம் என்பதையும் விருந்தினர்களிடம் சொல்லிவையுங்கள். அதற்குக் கட்டணம் கேட்கும் இணைப்புகளை நம்ப வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பின் எண்ணை இடவில்லை, ஆதாரில் உள்ள கைரேகை, கருவிழிப் பதிவுகளையும் பூட்டிவிட்டேன்.

பதில் (குன்னூர்):
நல்லது. அவருடைய தொலைபேசி எண்ணைத் தடுப்பதற்கு முன் உரையாடலைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, 1930 என்ற இணையக் குற்றப் புகார் உதவி எண்ணில் புகார் அளியுங்கள்.