உதவி: நிலச்சரிவின் பாதுகாப்புக் காரணி 2டி-யில் 1.12, 3டி-யில் 1.38. எதை நம்புவது?

களிமண்சரிவு:
பழைய நிலச்சரிவு ஒன்றின் அடிவாரத்தை வெட்ட வேண்டியிருக்கிறது. உயரம் 20 மீட்டர், அகலம் ஏறத்தாழ 40. நழுவுதளம் (மண் நழுவும் அடிப்பரப்பு) கிண்ணம்போல் வளைந்தது. சாய்வுமானி (தரைக்குள் நகர்வைக் காட்டும் கருவி) அளவுகளில் தெளிவாகத் தெரிகிறது. நடு வெட்டுமுகத்தில் 2டி பிஷப் முறையில் (மண்ணைத் துண்டுகளாக்கிக் கணக்கிடுவது) பாதுகாப்புக் காரணி (தாங்கும் வலிமைக்கும் இழுவிசைக்கும் உள்ள விகிதம்; 1-க்கு இறங்கினால் நழுவும்) 1.12. அதே தளத்துக்கு 3டி பிஷப் 1.38 தருகிறது, இன்னொரு 3டி முறையான ஹோவ்லாண்ட் 1.04 தருகிறது. மண்ணும் நீர்மட்டமும் மூன்றிலும் ஒன்றே. மென்பொருளில் கோளாறா?

பத்திக்கணக்கு:
கோளாறில்லை. ஹோவ்லாண்ட் 1977-இல் 2டி-யின் சாதாரணத் துண்டு முறையைத்தான் பத்திகளுக்கு (3டி-யில் மண்ணைப் பிரிக்கும் நிலைக்குத்துத் தூண்கள்) நீட்டினார். பத்திகளுக்கு இடையிலான விசைகள் அதில் கிடையாது. நீரழுத்தம் கூடிய இடத்தில் தளத்தின் மீதான விளைவழுத்தம் (நீரழுத்தம் போக மண்துகள்கள் தாங்கும் அழுத்தம்) குறைவாக வந்து, காரணியும் விழுந்துவிடும். 1.04-ஐ ஒதுக்குங்கள். 1987-இல் ஹங்கர் தந்த 3டி பிஷப், ஒவ்வொரு பத்தியின் நிலைக்குத்துச் சமநிலையையும் மொத்தத்தின் திருப்புத்திறனையும் பார்க்கிறது. உங்கள் கிண்ணம் சமச்சீரானது என்றால் அதுவே பொருத்தம். ஓரங்களில் தளம் மேலேறி ஆழம் குறைவதால் அங்கே இழுவிசையும் குறைவு. நடு வெட்டுமுகம் மட்டும் பார்க்கும் 2டி-க்கு இது தெரியாது.

களிமண்சரிவு:
அப்படியானால் 1.38-ஐ வைத்தே வடிவமைக்கலாமா?

மண்தேடி:
அவசரம் வேண்டாம். மண்ணின் உராய்வுக் கோணம் (உராய்வு வலிமையைக் காட்டும் அளவு) எங்கிருந்து கிடைத்தது?

களிமண்சரிவு:
கடந்த மழையில் பக்கத்துப் பகுதி நகர்ந்தது. அதற்கு 2டி-யில் காரணி 1 (நகரத் தொடங்கும் எல்லை) என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டதில் 24 பாகை. ஒட்டுவலிமை பூஜ்யம்.

மண்தேடி:
சிக்கல் அங்கேதான். அந்தச் சரிவையும் ஓரங்கள் தாங்கியிருக்கும். 2டி அந்தத் தாங்கலையும் மண்ணின் வலிமை என்றே எழுதிவிட்டது. இப்போது 3டி-யில் ஓரங்களை மறுபடி சேர்க்கும்போது ஒரே தாங்கலை இரண்டு முறை எண்ணுகிறோம். பின்னோக்கிய கணக்கையும் 3டி-யில் செய்யுங்கள்.

களிமண்சரிவு:
செய்தேன். பக்கத்துப் பகுதிக்கு 24 பாகையில் 3டி காரணி 1.2. அதை 1-க்கு இறக்கினால் கோணம் 20.4. அதை இங்கே போட்டால் 1.15 வருகிறது!

மண்தேடி:
1.38-க்கும் இதற்கும் எவ்வளவு தூரம், பாருங்கள். இதை வைத்து அடிவாரத்தை வெட்டுவது எனக்குச் சம்மதமில்லை, முதலில் வடிகால். இன்னொன்று: பின்னோக்கிய கணக்கில் போட வேண்டியது நகர்ந்த நேரத்து நீரழுத்தம். கோடைக்கால நீர்மட்டத்தைப் போட்டிருந்தால் கோணம் இன்னும் குறைவாகத் தோன்றும், வடிவமைப்பு தேவையில்லாமல் கனக்கும்.

களிமண்சரிவு:
பீசோமீட்டர் (மண்ணுக்குள் நீரழுத்தம் அளக்கும் கருவி) பதிவுகள் இருக்கின்றன. மழைக்கால அளவைப் போட்டு ஓட்டிவிட்டு எண்களை இங்கே பதிகிறேன்.