புதுப்பிப்பு: கணக்குத் தேர்வு முடிந்தது, அடுத்து பவானிசாகர்

குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்த புதிதில் இங்கே கேட்டிருந்தேன்: துறைத் தேர்வை (அரசுப் பணியில் இருப்பவர்கள் எழுதுவது, எனக்குக் கணக்குத் தேர்வு) முதலில் முடிப்பதா, நேராக குரூப் 2-வுக்குப் படிப்பதா என்று. பலரும் துறைத் தேர்வு என்றீர்கள். அப்படியே செய்தேன், தேறிவிட்டேன்!

டிஎன்பிஎஸ்சி இதை மே, டிசம்பர் என ஆண்டுக்கு 2 முறை நடத்துகிறது. ஒன்றை விட்டால் அரை வருடம் போச்சு. விரிவாக விடை எழுதும் பகுதிக்குப் புத்தகம் பார்க்கலாம் என்பதால் சுலபம் என்று நினைக்க வேண்டாம். எந்த விதி எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிய வேண்டும். எனக்கு உதவியது எங்கள் பிரிவுக் கண்காணிப்பாளர் அம்மா சொன்ன வழி. பதவி உயர்வு ஊதிய நிர்ணயக் கோப்பு வந்தால், பழைய குறிப்பைப் பார்த்து எழுதாமல், அடிப்படை விதி 22-ஐ எடுத்து வைத்துக் கணக்குப் போடச் சொன்னார். சில்லறைச் செலவுப் பட்டியல் வந்தால் நிதி விதித் தொகுப்பு. மேசை வேலையே படிப்பாகிவிட்டது. தனியாக வகுப்புக்குப் போகவில்லை.

இன்னொரு பலன், தன்பதிவேட்டில் (என்னிடம் வரும் கோப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு) நிலுவை குறைந்தது. இப்போது கோப்புகள் திருத்தம் இல்லாமல் மேலே போகின்றன. அந்த நம்பிக்கை எனக்குப் பெரிது.

பவானிசாகரில் புதிய அரசுப் பணியாளர்களுக்கு நடக்கும் அடிப்படைப் பயிற்சிக்கும் ஆணை வந்துவிட்டது. குரூப் 2-வை விடவில்லை, பயிற்சி முடிந்ததும் தொடங்குவேன். அப்புறம், டிசம்பர் எழுதுகிறவர்கள் விதிப் புத்தகங்களைத் திருத்தங்கள் சேர்ந்த புதிய பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.