ஆன்ஃபீல்டுல ஜெயிச்சாச்சு, இப்ப இந்த டீம நம்பலாமா வேணாமா?

தெப்பக்குளம் டெவில்:

மக்களே வணக்கம். ஞாயித்துக்கிழம (2025 அக்டோபர் 19) இங்கிலீஷ் பிரீமியர் லீக் மேட்ச் பாத்திருப்பீங்க, லிவர்பூலோட ஆன்ஃபீல்டு கிரவுண்டுல லிவர்பூல் 1, நம்ம மான்செஸ்டர் யுனைடெட் 2. தீவாளிக்கு மொத நாளு, வீட்டுல எல்லாரும் விளக்குத்தூண் பக்கம் கடைசி நேர துணி எடுக்க கெளம்பிட்டாங்க, நான் தலவலின்னு சொல்லிட்டு 9 மணிக்கு டிவி முன்னாடி உக்காந்துட்டேன். ரிமோட்ட எடுத்து சவுண்ட கூட்டல, அதுக்குள்ள எம்பூமோ உள்ள போட்டுட்டான், ரெண்டாவது நிமிஷம்யா! அப்புறம் 78ல காக்போ சமன் பண்ணதும் சரி வழக்கம்போல இன்னும் ரெண்டு வாங்கிட்டுத்தான் வருவானுகன்னு சாப்புட எந்திரிச்சேன், 84ல புரூனோ கிராஸ், மகுவாயர் தலை, கோல். அந்த நேரம் பாத்து தெருவுல எவனோ ஆயிரம் வாலாவ கொளுத்திட்டான், நான் கத்துனது யாருக்கும் கேக்கல, நல்லதாப் போச்சு.

அதுவும் மகுவாயர். இதே ஆன்ஃபீல்டுல இந்த வருஷம் ஜனவரில 2-2ன்னு நிக்கிறப்ப கடைசி நிமிஷத்துல ஸிர்க்சி குடுத்த பந்த மேல தூக்கி அடிச்சானே அதே மனுஷன். அந்த கிரவுண்டுல நாம லீக் மேட்ச் ஜெயிச்சது 2016 ஜனவரில, ரூனி கோல், வான் கால் கோச். நடுவுல 2023ல வாங்குன 7-0 வேற இருக்கு, அத இப்ப பேச வேணாம்.

சந்தோசந்தான், ஆனா ரெண்டு நாளா ஒரே கொழப்பம். ஆகஸ்டுல நாலாவது டிவிஷன் கிரிம்ஸ்பிகிட்ட பெனால்டில தோத்து லீக் கப்ப விட்டு வெளிய வந்த டீம் இது, செப்டம்பர் கடைசில பிரென்ட்ஃபோர்டு போய் 3-1 வாங்குன டீம். கோச் அமோரிம் வந்து வருஷம் ஆகப்போகுது, லீக்ல அடுத்தடுத்து ரெண்டு ஜெயிக்கிறதே இப்பத்தான் மொத தடவ. நீங்கள்லாம் ஒரு அவே வின் (எதிராளி கிரவுண்டுல போய் ஜெயிக்கிறது) பாத்தா அதுல எத வச்சு டீம் தேறிருச்சுன்னு முடிவு பண்ணுவீங்க? ஸ்கோர் தவிர.

பழங்காநத்தம் பெருசு:

தம்பி, போன டிசம்பர் மான்செஸ்டர் சிட்டியோட எத்திஹாட் கிரவுண்டு மேட்ச் ஞாபகம் இருக்கா? சிட்டி 1-0ல இருந்தான், 88ல புரூனோ பெனால்டி, 90ல அமாட், 2-1. அன்னைக்கும் நீங்கள்லாம் இதே மாதிரிதான் குதிச்சீங்க. அதுக்கடுத்த மூணு லீக் மேட்ச்சு போர்ன்மவுத், வுல்வ்ஸ், நியூகாசில், ஒரு கோல் போடல, மொத்தமா ஏழு வாங்குனோம். சீசன் முடியிறப்ப 42 பாயிண்ட், 15வது எடம். ஒரு நா வைகைல தண்ணிய பாத்துட்டு வருசம் பூரா ஓடும்னு சொல்ற கததான் இது.

காரணம் ஒன்னும் பெரிய ரகசியம் இல்ல. சிட்டி, லிவர்பூல் மாதிரி டீமோட ஊருக்குப் போனா அவன் மொத்தமா மேல ஏறி வருவான், பின்னாடி எடம் காலியா கெடக்கும், எம்பூமோ, குன்யா, அமாட் மாதிரி ஓடுற பயலுகளுக்கு அது போதும். நம்ம கிரவுண்டு ஓல்டு டிராஃபோர்டுல சின்ன டீமு பத்துப் பேர பாக்ஸ் முன்னாடி நிப்பாட்டிட்டு பந்த நம்மகிட்ட குடுத்துருவான், அங்கதான் நமக்கு என்ன செய்யிறதுன்னே தெரியாது. அதனால அவே வின் எல்லாம் எனக்கு கணக்குல கெடையாது, அதுக்கடுத்த ஹோம் மேட்ச்சத்தான் பாப்பேன். இப்ப சனிக்கெழம பிரைட்டன். ஜனவரில நம்ம கிரவுண்டுல வந்து 3-1 அடிச்சுட்டுப் போனவன்.

ஆனையூர் ரெட்ஸ்:

வயித்தெரிச்சலோட வந்திருக்கேன், அடிக்காதீங்க. காக்போ ஒருத்தனே மூணு தடவ போஸ்ட்ல அடிச்சான், மூணு! 2-1க்கு அப்புறம் கோல் வாய்க்கு முன்னாடி நின்னு தலையால வெளிய தட்டுனான் பாருங்க, அதுக்கு மேல எனக்கு பாக்க முடியல. சலாவும் ஒன்ன விட்டான். உங்க மொத கோல் வர்றப்ப எங்க மெக் அலிஸ்டர் தலைய புடிச்சுக்கிட்டு கீழ கெடக்கான், ரெஃப்ரி விசில் அடிக்கல.

இன்னொன்னு, நீங்க அடிச்சது போன சீசன் சாம்பியன்தான், ஒத்துக்கிறேன், ஆனா இப்ப இருக்கிற லிவர்பூல் அந்த லிவர்பூல் இல்ல. பேலஸ், கலாட்டாசரே, செல்சி, அப்புறம் நீங்க, வரிசையா நாலு தோல்வி. எல்லாரும் அடிக்கிற ஆள நீங்களும் அடிச்சிருக்கீங்க, அவ்வளவுதான்.

தெப்பக்குளம் டெவில்:

@ஆனையூர் பங்காளி, மெக் அலிஸ்டர் தலையில மோதுனது உங்க வான் டைக்குதான், நாங்க இல்ல 😂 போஸ்ட் கணக்கு சரி, அத மறுக்கல.

செல்லூர் ஸ்டாப்பர்:

நான் வாராவாரம் செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர் ஃபுட்பால்) ஆடுறவன், ஸ்டாப்பர் பொசிஷன், அதாவது நடு டிஃபெண்டர், அதனால என் கண்ணு பின்னாடிதான் போகும். பெருசு சொல்றது பாதி சரி. ஆனா எத்திஹாடுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்குண்ணே. அங்க 88 நிமிஷம் வரைக்கும் பின்தங்கி இருந்து கடைசில ரெண்டு கோல் புடுங்குனோம். இங்க ரெண்டாவது நிமிஷத்துலயே லீடு எடுத்துட்டு முக்கால்வாசி மேட்ச்ச அத காப்பாத்திக்கிட்டு ஆடுனோம், சமன் ஆனதுக்கு அப்புறமும் ஆறே நிமிஷத்துல திருப்பி அடிச்சோம். ஆன்ஃபீல்டுல 78ல கோல் விழுந்தா அந்த சத்தத்துலயே பாதி டீம் கவுந்துரும். இவனுக கவுரல. அவே மேட்ச்ல நான் பாக்குறது அந்த ஆறு நிமிஷத்தத்தான்.

ரெண்டாவது விசயம், நம்ம புது கீப்பர் லாமென்ஸ். பெல்ஜியம் டீம் ஆண்ட்வெர்ப்ல இருந்து வந்த பய, சண்டர்லாண்ட் மேட்ச்சுலதான் மொத தடவ எறங்குனான், அவன் நின்ன ரெண்டும் வெற்றி. ஒன்னும் வித்தை காட்டல, பந்து வந்தா புடிக்கிறான், பிரஷர் வந்தா நீளமா ஒதைக்கிறான். போன வருஷம் ஒனானா, பாயிந்திர் காலத்துல நம்ம கீப்பர் கைக்கு பந்து போனாலே எனக்கு கைகால் நடுங்கும். முன்னாடி நிக்கிற மூணு ஸ்டாப்பருக்கும் பின்னாடி ஒரு ஆள் இருக்கான்னு தெரிஞ்சா ஆட்டமே வேற, இது ஆடுறவனுக்குத்தான் புரியும். பில்பாவ்ல ஸ்பர்ஸ்கிட்ட யூரோப்பா லீக் ஃபைனல் தோத்ததால இந்த வருஷம் யூரோப் கப் மேட்ச்சும் இல்ல, வாரம் பூரா பிராக்டிஸ் பண்ண நேரம் இருக்கு. இனி சாக்கு சொல்ல முடியாது, அதையும் சேத்துக்கங்க.

வடகரை வாத்தியார்:

நான் சென்னையின் எஃப்சி ஃபேன், இங்க்லீஷ் டீமெல்லாம் தூக்கம் வரலைன்னா பாக்குறதுதான். 2018 மார்ச்ல பெங்களூரு கண்டீரவாலயே போய் பெங்களூரு எஃப்சிய ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனல்ல 3-2ன்னு சாச்சோம். சேத்ரி 9வது நிமிஷத்துலயே அடிச்சுட்டான், அதுக்கப்புறம் மெயில்சன் ஆல்வ்ஸ் ரெண்டு ஹெட்டர், ரஃபேல் அகஸ்டோ ஒன்னு. இதவிட பெரிய அவே வின் ஒன்னு சொல்லுங்க பாப்போம். அடுத்த சீசன் அதே கோச் ஜான் கிரிகரி, நாங்க கடைசி எடம். ஆமா, கடைசி. அதுக்கடுத்த சீசன் கீழ கெடந்தப்ப ஓவன் காய்ல் வந்தாரு, யாரும் நம்பல, ஃபைனல் வரைக்கும் போனோம். நம்புனப்ப கவுத்தாய்ங்க, நம்பாதப்ப தூக்குனாய்ங்க. எனக்கு தெரிஞ்சது இவ்வளவுதான் தம்பி.

சம்பந்தம் இல்லாம ஒன்னு, நம்ம மதுர சேது எஃப்சி பொண்ணுங்க 2019ல லூதியானா வரைக்கும் போய் ஃபைனல்ல மணிப்பூர் போலீஸ 3-1 அடிச்சு பெண்கள் லீக் கப்ப எடுத்துட்டு வந்தாங்க. அதுவும் அவே வின்தான். அதுக்கு இந்த ஊருல எத்தன பேரு வெடி போட்டீங்க?

பழங்காநத்தம் பெருசு:

வாத்தியாரே, சுருக்குனு இருக்கு.

@செல்லூர், கீப்பர் விசயம் ஒத்துக்கிறேன். ஆனா பிரைட்டன் முடியட்டும், அப்புறம் பேசலாம்.

தெப்பக்குளம் டெவில்:

எல்லாருக்கும் நன்றி. செல்லூர் சொன்ன ஆறு நிமிஷத்த ரீப்ளேல திருப்பி பாத்தேன், புரூனோ கைய ஆட்டி எல்லாரையும் மேல ஏறுன்னு சொல்லிக்கிட்டே இருக்கான்ங்கிற மாதிரிதான் எனக்குத் தெரியுது, ஃபேன் கண்ணுக்கு அப்புடித்தான் தெரியும் போல. நான் இப்போதைக்கு பாதி நம்பிக்கைல இருக்கேன். சனிக்கெழம ராத்திரி 10 மணிக்கு பிரைட்டன், காளவாசல் பக்கம் பெரிய ஸ்கிரீன்ல போடுற கட ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்க, இந்த தடவ தலவலி செல்லாது.

ஆனையூர் ரெட்ஸ்:

கட கெடைச்சா எனக்கும் எடம் புடிச்சு வைங்க. உங்க மேட்ச் முடிஞ்சதும் பன்னெண்டரைக்கு எங்களுக்கு பிரென்ட்ஃபோர்டு ஊர்ல இருக்கு, நீங்க மூணு வாங்குன அதே எடம். யாரும் பாதில எந்திரிச்சு போகக் கூடாது.