தட்டையான நிலத்துல கூட சின்ன ஆறு ஏன் நேரா போக மாட்டேங்குது?

கேள்வி:
மலையில இருந்து இறங்குற வரைக்கும் ஆறு ஓரளவு நேரா வருது, சரிவு அதிகம், புரியுது. ஆனா பாறையே இல்லாத சமவெளி மண்ணுல ஏன் இப்படி நெளியுது? அதுலயும் ஒரு கரை செங்குத்தா ஆழமா இருக்கு, எதிர்க்கரை மணல் மேடு. மேப்ல பார்த்தா வளைவெல்லாம் யாரோ அளந்து போட்ட மாதிரி இருக்கு.

பதில் 1:
ஒரு மரம் விழுந்தா போதும் ப்ரோ, இல்ல கரை கொஞ்சம் சரிஞ்சா போதும். தண்ணி ஒரு பக்கமா ஒதுங்கும், அங்க வேகம் கூடும், கூடினா கரையை அரிக்கும், அரிச்சா வளைவு இன்னும் பெருசாகும், அங்க மோதின தண்ணி எதிர்ப்பக்கம் திரும்பி கீழ இன்னொரு வளைவை ஆரம்பிச்சு வைக்கும். உள்கரையில வேகம் கம்மி, அதான் மணல் படியுது.

பதில் 2:
பாதி தான் சரி. வளைவுல தண்ணி முறுக்கிக்கிட்டு ஓடும். மேல் தண்ணி வெளிக்கரைக்கு போகும், அடித்தண்ணி தரையில உரசி வேகம் குறைஞ்சு உள்கரைப் பக்கம் வரும், வரும்போது மணலையும் இழுத்துட்டு வரும். டீயை கலக்கினா தூள் நடுவுல குவியுதுல்ல, அதே கதை. 1926ல ஐன்ஸ்டீனே இதை ஒரு சின்ன கட்டுரையா எழுதியிருக்காரு (அவருக்கு ஆத்து மணல்ல என்ன வேலைன்னு கேக்காதீங்க).

வலது ஒன்னு இடது ஒன்னு சேர்ந்த முழு வளைவோட நீளம் பொதுவா ஆத்து அகலத்துல 10 முதல் 14 மடங்கு வரும். அதான் அளந்த மாதிரி தெரியுது.

கேள்வி கேட்டவர்:
சூப்பர். அப்போ வெட்டி நேராக்கிட்டா வெள்ளம் சீக்கிரம் வடியுமா?

பதில் 2:
இங்க வடியும், கீழ இருக்கிறவங்களுக்கு சீக்கிரமா போய் சேரும். இறங்க வேண்டிய உயரம் அதே தான், தூரம் மட்டும் குறையுது, அப்போ சரிவு கூடி ஆறு தன் அடித்தரையையே தோண்டும். ஆத்து மட்டம் இறங்கினா பக்கத்து கிணறும் இறங்கும். விட்டா ஆறே சில வளைவை வெள்ளத்துல அறுத்துட்டு போகும், அது வேற, பழைய வளைவு குட்டையா நிக்கும்.

பதில் 3:
குளிக்கிறவங்களுக்கு ஒன்னு: மடு வெளிக்கரையை ஒட்டி தான் இருக்கும், மணல் மேட்டுல இருந்து நடந்து போனா திடீர்னு கால் எட்டாது. மடு, ஆழமில்லாத இடம், திரும்ப மடுன்னு அகலத்துல 5-7 மடங்கு தூரத்துக்கு ஒன்னு வரும். கோடையில ஓட்டம் நின்னாலும் மீனெல்லாம் அங்க தான் ஒதுங்கும்.