தஞ்சைக் கலைக்கூடத்துக்குப் பிள்ளைகளுடன் துணைக்குச் செல்கிறேன்: எதைக் காட்டுவது?

கேள்வி (மன்னார்குடி, ஒரு தாய்):
அனைவருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் வகுப்பை அடுத்த வாரம் தஞ்சாவூர் அரண்மனையிலுள்ள கலைக்கூடத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். துணைக்கு வரும் பெற்றோரில் நானும் ஒருத்தி. பன்னிரண்டு பிள்ளைகள் என் பொறுப்பு. சென்ற ஆண்டு வேறோர் அருங்காட்சியகத்தை ஒரு மணி நேரத்தில் ஓட்டமும் நடையுமாகச் சுற்றிவிட்டுத் திரும்பினோம். என்ன பார்த்தாய் என்று பேருந்தில் கேட்டபோது, "நிறைய சாமி சிலை" என்றாள் மகள். அந்தப் பதில் இன்னும் என் மனத்தை உறுத்துகிறது. நான் வணிகவியல் படித்தவள். சிற்பம் பற்றி ஏதும் அறியேன். வழி சொல்லுங்கள்.

மறுமொழி (கும்பகோணம், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்):
அம்மா, எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று எண்ணாதீர்கள். செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்தில், திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், முன்னால் பிள்ளைகளைக் கால் மணி நேரம் நிறுத்துங்கள். எதுவும் சொல்லாமல் பார்க்கவிடுங்கள். சுற்றிக் கட்டிய தலைப்பாகை பாம்புகளால் ஆனது என்பதை ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். சாமியின் ஒரு கை ஏன் வெறும் காற்றின் மேல் சாய்ந்திருக்கிறது என்று இன்னொன்று கேட்கும். அந்தக் கை ஊன்றியிருந்த காளை இப்போது இல்லை என்பதை அப்போது சொல்லுங்கள். அருகே உள்ள அம்மனையும் காட்டுங்கள். அவர் 1011-இலும் அம்மன் 1012-இலும் செய்யப்பட்டவர்கள். ஆண்டை மட்டும் சொன்னால் பிள்ளைகள் மனத்தில் நிற்காது. இராசராசன் பெரிய கோயிலைக் கட்டி முடித்தது 1010-இல், அதற்கு மறு ஆண்டே இந்தத் திருமேனி உருவானது என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் கண்ணால் பார்த்த கோபுரத்தோடு காலம் பொருந்திவிடும்.

மறுமொழி (சுவாமிமலை, ஸ்தபதி குடும்பத்தைச் சேர்ந்தவர்):
ஆசிரியர் ஐயா சொன்னதோடு, இது எப்படிச் செய்யப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேன்மெழுகும் குங்கிலியம் என்ற மரப்பிசினும் கலந்து முதலில் உருவத்தை முழுமையாக வடிப்போம்; அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிய பூச்சாகப் பூசி நிழலில் உலர்த்தி, பிறகு கனமான மண்ணைப் பூசுவோம்; சூடாக்கினால் மெழுகு உருகி வழிந்தோட, அது விட்டுச் சென்ற வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்போம். ஆறியதும் அச்சை உடைத்துத்தான் திருமேனியை எடுக்க முடியும் என்பதால், அதே அச்சில் இன்னொன்று பிறக்காது. தம் ஊர் வாய்க்காலில் கிடக்கும் மண்ணுக்கு இதில் பங்கு உண்டு என்று கேட்கும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். முந்தின நாள் மாலையே ஆளுக்கொரு துண்டு மெழுகு கொடுத்து ஒரு விரலையாவது செய்யச் சொல்லுங்கள். நகம் வடிப்பது எவ்வளவு கடினம் என்பது அவர்களுக்கே விளங்கும்.

மறுமொழி (தஞ்சாவூர், இருமுறை துணைக்குச் சென்ற தாய்):
சகோதரி, ஒவ்வொரு வாசலிலும் தலைகளை எண்ணுங்கள். ஒரு முறை என் குழுவில் ஒரு பையன் வேறு பள்ளிக் கூட்டத்தோடு கலந்துவிட்டான். அவன் கிடைக்கும்வரை நான் பட்ட பாடு சொல்லி மாளாது. அரண்மனையில் உள்ள திமிங்கில எலும்புக்கூட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காட்டினால் பிறகு எந்தச் சிலையும் அவர்கள் கண்ணில் படாது. சரசுவதி மகால் நூலகத்தை இன்னொரு நாளைக்கு விட்டுவிடுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை சுவாமிமலைக்கு வருகிறேன். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு எவ்வளவு மெழுகு வாங்க வேண்டும் ஐயா?