படகுச் சட்டத்தைக் கட்ட எந்தக் கயிறு? – அனுபவப் பகிர்வு

பவானியிலிருந்து

காவிரிக் கரையை ஒட்டிய எங்கள் தோட்டத்துக் கொட்டகையில், இருவர் அமர்ந்து செல்லக்கூடிய சிறு படகு ஒன்றின் சட்டத்தைக் கட்டி முடித்திருக்கிறேன். நீளவாட்டுச் சட்டங்கள் தேக்கு. விலாக்கள் கல்மூங்கிலைப் பிளந்து வளைத்தவை. ஆணியும் திருகும் இல்லாமல் எல்லா இணைப்புகளையும் கயிற்றால் கட்டி, மேலே கெட்டித் துணியைப் போர்த்துவது என் திட்டம். ஆணி அடித்த சட்டம் பாறையில் இடித்தால், ஆணி இறங்கிய இடத்தில்தான் முதலில் மரம் பிளக்கும். கயிற்றால் கட்டிய சட்டமோ சற்று நெளிந்து கொடுத்து மீளும். ஆனால் கட்டு தளர்ந்துவிட்டால் அதே நெளிவு ஆட்டமாக மாறி, கயிறு மரத்தோடு உரசி உரசியே அறுந்துவிடும். அதனால்தான் மரத்தைக் காட்டிலும் கயிற்றைத் தேர்ந்தெடுக்க அதிகம் அலைந்தேன்.

ஈரோட்டில் எந்தக் கயிற்றுக் கடையில் ஏறினாலும், "எத்தனை கிலோ தாங்கோணுங்க?" என்பதே முதல் கேள்வி. பாரம் தூக்குபவருக்கு அது சரியான கேள்வி. படகுக் கட்டில் ஒவ்வோர் இணைப்பிலும் நான்கைந்து சுற்றுகள் சுமையைப் பகிர்ந்துகொள்வதால், சாதாரண நூல்கயிறுகூட இழுவிசையால் அறுந்துபோவது அரிது. நனைந்தால் அந்தக் கயிறு எவ்வளவு நீளும் என்பதையே நாம் கேட்க வேண்டும். நைலான் நீரை உறிஞ்சும். உலர்ந்த நிலையில் இறுக்கிக் கட்டிய நைலான் கட்டு, ஆற்றில் இறங்கியதும் நீண்டு நெகிழ்கிறது. பாலியெஸ்டர் ஏறக்குறைய நீரையே உறிஞ்சுவதில்லை. இழுத்தாலும் நைலானைவிடக் குறைவாகவே நீள்கிறது. பருத்திக் கயிறு நனைந்தால் உப்பி நீளத்தில் குறுகுவதால் முதலில் நன்றாக இறுகும், ஆனால் ஈரத்திலேயே கிடந்தால் மக்கிவிடும். ஒரே மாதிரியான இணைப்புகளை இந்த மூன்றாலும் கட்டி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்தும் வெயிலில் உலர்த்தியும் மாறி மாறிப் பார்த்தேன். கையால் அசைத்தபோது ஈரத்திலும் உலர்விலும் ஒரே இறுக்கத்தோடு நின்றது பாலியெஸ்டர் மட்டுமே.

ஆனால் கடைகளில் செயற்கை இழைக் கயிறு எல்லாமே "நைலான் கயிறு" என்ற பெயரில்தான் விற்கப்படுகிறது. ஒரு சிறு துண்டை வெட்டி, சோப்புத் துளி கலந்த தண்ணீரில் போட்டு, இழைகளுக்குள் இருக்கும் காற்று வெளியேறும்படி நன்றாகப் பிசைந்துவிடுங்கள். மிதந்தால் அது பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். படகுக் கட்டுக்கு இரண்டும் வேண்டாம், ஏனெனில் முடிச்சு வழுக்கும், தொடர்ந்து இழுவிசையில் இருந்தால் மெல்ல நீண்டுகொண்டே போகும். மூழ்கினால் நைலானாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கும். அடுத்து, கல்லுப்பை இனிக் கரையாது என்னும் அளவுக்குத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த கரைசலில் அதே துண்டைப் போடுங்கள். அந்தக் கரைசலின் அடர்த்தி ஏறத்தாழ 1.2. நைலானின் அடர்த்தி 1.14 என்பதால் அது மேலே வந்துவிடும், 1.38 அடர்த்தியுள்ள பாலியெஸ்டர் அடியிலேயே கிடக்கும். மெழுகோ தாரோ பூசிய கயிற்றில் இந்தச் சோதனை சரிவராது.

இவ்வளவும் முடித்த பிறகு, பரிசல் பின்னுவதில் நெடுங்காலம் பழகிய பெரியவர் ஒருவரை அழைத்துவந்து சட்டத்தைக் காட்டினேன். அவர் கயிற்றைத் தொடவே இல்லை. "கயித்தப் பொறவு பாத்துக்கலாம் தம்பி, மூங்கில் நல்லாக் காஞ்சுதாங்க?" என்று கேட்டார். பச்சை மூங்கில் காயும்போது சுருங்கும். எத்தனை நல்ல கயிறாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பொருள் மெலிந்தால் கட்டு தளரத்தான் செய்யும். பிறகு விலாக்களின் விளிம்புகளைப் பெருவிரலால் தடவிப் பார்த்து, கூர்மையாக இருந்த இடங்களையெல்லாம் இழைத்து உருட்டச் சொன்னார். மூங்கிலின் புறத்தோல் விளிம்பு கத்தியைப் போல அறுக்கும் என்பதால், அந்த அறிவுரையை எந்தக் கயிற்றுத் தேர்வுக்கும் முன்னால் வைப்பேன்.

முடிவில், தேன்மெழுகு தேய்த்த, ஏறத்தாழ 2 மி.மீ. தடிமனுள்ள முறுக்குப் பாலியெஸ்டர் கயிற்றைத் தேர்ந்தெடுத்தேன். மெழுகு இருப்பதால் அடுத்த சுற்றைப் போடும்வரை முந்தைய சுற்று நழுவாமல் நிற்கிறது. ஒவ்வோர் இணைப்பையும் தனித்தனியாகக் கட்டி முடித்தேன். ஒரே கயிற்றைத் தொடர்ந்து ஓட்டினால் ஓரிடத்தில் அறுந்ததும் வரிசை முழுவதும் தளர்ந்துவிடும்.

பொள்ளாச்சியிலிருந்து

எங்கள் ஊர்க்காரர் யாராக இருந்தாலும், தேங்காய் நார்க் கயிறு ஏன் கூடாது என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் உண்டு. சோழமண்டலக் கரையில் மசூலாப் படகுகளின் பலகைகளை ஆணியில்லாமல் நார்க் கயிற்றால் தைத்தே அலையில் இறக்கினார்கள். நாரில் லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் இயற்கைப் பொருள்) மிகுதியாக இருப்பதால் மற்ற இயற்கை நார்களைவிட மெதுவாகவே மக்குகிறது. ஆனால் என் கொட்டகையில் மெல்லிய விலாக்களை நார்க் கயிற்றால் கட்டிப் பார்த்தபோது, தேவையான வலிமைக்கு விரல் தடிமன் கயிறு வேண்டியிருந்தது. இழுக்க இழுக்க அது நீண்டுகொண்டும் இருந்தது. எங்கள் பக்கத்து ஆலைகளில் முற்றிய மட்டையிலிருந்து எடுக்கும் பழுப்பு நார் விறைப்பானது, சிறு முடிச்சுக்கு மடங்காது. இப்போது விலாக்களை வளைத்து உலரவிடும்போது தற்காலிகமாகப் பிடித்துவைக்க மட்டும் நார்க் கயிற்றைப் பயன்படுத்துகிறேன்; அந்த வேலைக்கு அதைவிடச் சிறந்ததை நான் காணவில்லை.

மேட்டூரிலிருந்து

அணை மீனவர்களிடம் எளிதில் கிடைப்பது நைலான் வலை நூல்தான். அதன் உருளையில் 210/36 என்பதுபோல எழுதியிருக்கும்: 210 என்பது டெனியர், அதாவது 9000 மீட்டர் இழையின் எடை கிராமில், 36 என்பது சேர்த்து முறுக்கிய இழைகளின் எண்ணிக்கை. தறியோடு பழகிய நம் பகுதியினருக்கு டெனியர் புதிதல்ல. நைலான் நெகிழும் என்று பவானி நண்பர் சொல்வது உண்மையே. எனக்கு வலை கட்டும் அண்ணன் ஒருவர் கற்றுக்கொடுத்த முறையில், நூலை இரவு முழுவதும் ஊறவைத்து, ஈரத்தோடே முழு இறுக்கத்தில் கட்டிவிடுகிறேன். காய்ந்தால் அது மேலும் இறுகும். மறுபடி நனைந்தால் கட்டியபோது இருந்த இறுக்கத்துக்குத் திரும்பும், அதற்குக் கீழே போவதில்லை. துணிக்கு அடியில் இருக்கும் கட்டுகளில் வெயில் படாது. விளிம்புக் கட்டுகள் வெயிலிலேயே இருப்பதால் அவற்றுக்கு மட்டும் தார் பூசி, ஆண்டுதோறும் புதுவெள்ளம் வருவதற்கு முன் நகத்தால் சுரண்டிப் பார்த்து, இழை பொடியாக உதிர்ந்தால் அறுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறேன்.